‘ஊர்’ என்ற சொல்லுக்குள் நாம் எப்போது?

கடத்தல், கூலிப்படை, கள்ளச்சாராயம் என்றால் ‘நிழல் உலகம்’ என்று எழுதுகிறார்கள். அதைத் திரையில் காட்ட வேண்டுமானால் கேமரா நேரே குப்பத்துக்கும் சேரிக்கும்தான் வருகிறது. கடத்துகிறவர் பங்களாவில் இருந்தாலும் இருட்டு மட்டும் நம் தெருவின் கணக்கில் எழுதப்படுகிறது.

உண்மையில் இருட்டுக்குள் தள்ளப்பட்டவர்கள் யார்? தலித் மக்களுக்குத் துணி வெளுத்துத் தந்த புதிரை வண்ணார்கள். அவர்களைக் கண்ணால் பார்த்தாலே தீட்டு என்றார்கள். திருநெல்வேலிச் சீமையில் அவர்கள் பகலில் வெளியே வர முடியாமல் இரவில் வேலை செய்ததை 1932இல் ஆங்கில நாளேடு ஒன்று பதிவு செய்திருக்கிறது. அவர்கள் எந்தக் குற்றமும் செய்யவில்லை. அவர்களுக்கென நல வாரியம் அமைய 2009 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த இருட்டில் நம் தெருக்களுக்கும் பங்கு உண்டு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

இனி ‘சேரி’க்கு வருவோம். சேர்ந்து வாழும் இடம் சேரி, அவ்வளவுதான் பொருள். பராந்தகச் சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, பிராமணர்கள் வாழ்ந்த ஊரின் பகுதிகளையே சேரிகள் என்கிறது. ஆனால் தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள ராஜராஜன் கல்வெட்டில் ‘பறைச்சேரி’, ‘தீண்டாச்சேரி’ என்ற சொற்கள் வந்துவிடுகின்றன. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே கோடு கிழித்தாயிற்று. இன்று வேளச்சேரியில் வீடு வாங்குவது பெருமை. சேரியில் பிறந்தால் வசை.

பிறகு ‘காலனி’ வந்தது. அரசு தொகுப்பு வீடுகள் கட்டிக் கொடுத்தபோது கௌரவமான பெயராகத்தான் அது வந்தது. நகரத்தில் ரயில்வே காலனி, போலீஸ் காலனி என்றால் யாரும் முகம் சுளிப்பதில்லை. கிராமத்தில் ‘காலனிப் பையன்’ என்றால் மட்டும் பொருள் வேறு. சாதியைக் கேட்காமலே சாதியைத் தெரிந்துகொள்ளும் வழியாக முகவரி ஆகிவிட்டது. பள்ளி விண்ணப்பத்திலிருந்து வேலைக்கான விண்ணப்பம் வரை அது நம் பிள்ளைகளைத் தொடர்கிறது.

2025 ஏப்ரலில், ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறோம். இது புதிய போராட்டமும் அல்ல. எம்.சி.ராஜா போன்றோரின் முயற்சியால் 1922இலேயே ‘பஞ்சமர்’ முதலிய பெயர்களுக்குப் பதிலாக ‘ஆதி திராவிடர்’ என்ற பெயர் அரசு ஆவணங்களில் ஏறியது.

ஆனால், சேரியும் காலனியும் பிறக்கும்போது அழுக்கான சொற்கள் அல்ல. நடுவே இருந்த கோடுதான் அவற்றை அழுக்காக்கியது. கோடு அப்படியே இருந்தால் நாளை ‘நகர்’ என்பதும் வசையாகும். மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் அந்தக் கோடு மதில் சுவராகவே நின்றது. அதில் ஒரு பகுதியை இடித்துப் பாதை திறக்க 2008 வரை ஆயிற்று.

அப்படியானால் முதலில் மாற வேண்டிய சொல் எது? ‘ஊர்’ என்பதே நம் பதில். ‘ஊரும் சேரியும்’ என்கிறபோதே நாம் ஊருக்கு வெளியே நிற்கிறோம். ஊர்க்கூட்டம், ஊர்ப்பொதுக் கிணறு, ஊர்ச் சுடுகாடு, ஊர்த் திருவிழா - இவற்றில் வரும் ‘ஊர்’ யார்? வாக்காளர் பட்டியலில் ஒரே ஊராட்சி. தேர் வரும் தெருவில் மட்டும் இரண்டு ஊரா?

கிராமசபையில் தெருப்பெயரை மாற்றக் கோரி எழுத்துமூலம் மனு கொடுங்கள். அதே மனுவில் சுடுகாட்டுப் பாதையையும் குடிநீர்க் குழாயையும் சேர்த்து எழுதுங்கள். படிக்கிற பிள்ளைகளே அந்த மனுவை எழுதிக் கொடுக்கலாம். ‘எந்த ஊர்?’ என்று கேட்பவரிடம் ஊர்ப் பெயரைச் சொல்லுங்கள். ‘ஊரா, காலனியா?’ என்று அடுத்த கேள்வி வந்தால், ‘ஊர்தான்’ என்று சொல்லுங்கள். அந்தப் பதிலில் பொய் ஏதும் இல்லை.