கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி மெஷின்: வாங்கும் முன்பும், மாட்டிக்கொண்டு நிற்கும்போதும்

கம்ப்யூட்டர் வாங்கியாயிற்று, பிரிண்டரும் வாங்கியாயிற்று. வீட்டில் தையல் தெரிந்த ஒருவர் இருந்தால் அடுத்த கேள்வி தானாக வரும். "திரையில் தெரிகிற இந்தப் பூவை அப்படியே ஜாக்கெட் கையில் தைக்க முடியாதா?" முடியும். அதற்கென்றே வீட்டு உபயோகத்துக்கான எம்ப்ராய்டரி மெஷின்கள் இருக்கின்றன. ஆனால் விலை பல பத்தாயிரம் ரூபாய். சில மாடல்கள் ஒரு லட்சத்தையும் தாண்டும். எங்கள் அரியமங்கலம் பக்கம் தெருவுக்கு நாலு வீட்டில் தையல் மெஷின் ஓடுகிறது. அவர்களில் பலர் நகையை வைத்தோ, குழுவில் கடன் எடுத்தோதான் இதை வாங்க வேண்டியிருக்கும். எனவே கடைக்காரர் காட்டும் பளபளப்பான டெமோவைப் பார்த்து மயங்காமல், கொஞ்சம் கணக்குப் போட்டுவிட்டு இறங்குவது நல்லது.

இது ஒரு பிரிண்டர்தான்

இந்த மெஷினைப் புரிந்துகொள்ள எளிய வழி, இதைத் துணியில் அச்சடிக்கும் பிரிண்டராக நினைப்பது. ஊசி ஒரே இடத்தில் ஏறி இறங்கும். துணியைப் பிடித்திருக்கும் ரிங்தான் இடம் வலமாகவும் முன் பின்னாகவும் நகரும். எங்கே நகர வேண்டும், எங்கே குத்த வேண்டும், எப்போது நூலை மாற்ற வேண்டும் என்ற கட்டளைகள் ஒரு ஃபைலில் இருக்கும். அதைப் பென்டிரைவில் போட்டு மெஷினில் செருக வேண்டும். அவ்வளவுதான்.

ஆனால் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. நீங்கள் வாட்ஸ்அப்பில் வாங்கிய ஜேபெக் படத்தை இந்தப் பிரிண்டர் ஏற்காது. படத்தில் இருப்பது நிறப்புள்ளிகள். மெஷினுக்கு வேண்டியது தையல் பாதை. படத்தைத் தையல் பாதையாக மாற்றும் வேலைக்கு டிஜிட்டைசிங் என்று பெயர். நம் ஊர் எம்ப்ராய்டரிக்காரர்கள் இன்றும் அதைப் 'பஞ்சிங்' என்றுதான் சொல்வார்கள். பழைய ஃபேக்டரி மெஷின்கள் காகித நாடாவில் குத்திய ஓட்டைகளைப் படித்துத் தைத்தன. நாடா போய்விட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது.

இந்தத் தொழில்நுட்பம் வீட்டு மேஜைக்கு வந்தது 1990-இல், ஜப்பானின் ஜானோமி நிறுவனம் மெமரி கிராஃப்ட் 8000 என்ற மாடலை வெளியிட்டபோது. இந்தியாவில் ஜானோமி மெஷின்கள் உஷா பெயருடன் சேர்ந்து விற்பனையாகின்றன. இன்னொரு பக்கம் பிரதர் நிறுவனத்தின் மெஷின்கள்.

முதலில் ரிங்கைக் கேளுங்கள்

கடையில் நுழைந்ததும் "இதில் நூற்றுக்கும் மேல் டிசைன் உள்ளேயே இருக்கு மேடம்" என்பார்கள். அதைக் காதில் வாங்காதீர்கள். பெரும்பாலும் ரோஜா, பட்டாம்பூச்சி, கரடி பொம்மை. நம் கல்யாண ஜாக்கெட்டுக்கு அதில் ஒன்றும் தேறாது. நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, மிகப் பெரிய ரிங்கில் எத்தனை மில்லிமீட்டர் வரை தைக்க முடியும் என்பதுதான்.

ஏன் என்று பார்ப்போம். ஒரு ஜாக்கெட் கையின் சுற்றளவு 11 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையைச் சுற்றி முழு பார்டர் வேண்டும். ஆரம்ப நிலை மெஷின்களில் ரிங் 100-க்கு 100 மில்லிமீட்டர், அதாவது நாலு அங்குலம். ஒரு கைக்கு மூன்று முறை துணியைக் கழற்றி மாட்ட வேண்டும். இரண்டு கைக்கு ஆறு முறை. 130-க்கு 180 ரிங் என்றால் கைக்கு இரண்டு முறை. 200-க்கு 280 இருந்தால் ஒரே முறையில் முடிந்துவிடும். கழற்றி மாட்டும் ஒவ்வொரு தடவையும் நேரம் போகிறது. அதைவிட மோசம், இணைப்பில் ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் கொடி அறுந்ததுபோலப் பளிச்சென்று தெரியும். துணியோ வாடிக்கையாளருடையது, அதுவும் பட்டு.

குழந்தைகளின் கவுன், கைக்குட்டை, சின்னச் சின்ன புட்டா, பெயர் தைப்பது இவை போதும் என்றால் சிறிய ரிங் தாராளம். ஜாக்கெட்டை நம்பி வாங்குபவர்கள் ரிங்கில் சிக்கனம் பார்க்கக் கூடாது என்பது என் கருத்து. பின்னாளில் பெரிய ரிங் வாங்கி மாட்டிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். மெஷினின் கை எவ்வளவு தூரம் நகருமோ அவ்வளவுதான் எல்லை.

அடுத்தது நேரக் கணக்கு. வீட்டு மெஷின்கள் மாடலைப் பொறுத்து நிமிடத்துக்குச் சுமார் 400 முதல் 850 தையல் வரை போடும். இரண்டு கைக்கும் சேர்த்து 30,000 தையல், முதுகுக் கழுத்துக்கு 24,000 தையல் என்றால் மொத்தம் 54,000. நிமிடத்துக்கு 600 என்று ஓட்டினால் 90 நிமிடம். வீட்டு மெஷினில் ஊசி ஒன்றுதான். ஒவ்வொரு கலருக்கும் நீங்களே எழுந்து வந்து நூல் மாற்ற வேண்டும். ரிங் மாட்டுவது, நூல் அறுவது, பாபின் தீருவது எல்லாம் சேர்த்தால் இரண்டரை மணி நேரம் ஆகிவிடும். சமையலையும் பார்த்துக்கொண்டு ஒரு நாளைக்கு இரண்டு ஜாக்கெட் என்பதே நியாயமான எதிர்பார்ப்பு.

இனி கடன். ஒரு லட்சத்தை 12 சதவீத வட்டிக்கு 24 மாதத் தவணையில் வாங்கினால் மாதம் சுமார் 4,700 ரூபாய் கட்ட வேண்டும். நூல், கேன்வாஸ், மின்சாரம் போக ஒரு ஜாக்கெட்டுக்கு உங்கள் கையில் 300 ரூபாய் நிற்கிறது என்றால், மாதம் 16 ஜாக்கெட் தைத்தால்தான் தவணைக்கே சரியாக வரும். தை, ஆவணி மாதங்களில் இது பெரிய விஷயமில்லை. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது, ஆனால் தவணை உண்டு. இந்த இரண்டு மாதத்துக்கான பணத்தை முன்பே எடுத்து வைக்க முடியுமா என்று யோசித்துவிட்டு முடிவு செய்யுங்கள். தமிழக அரசு 2025-இல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் தையல் உட்பட 25 தொழில்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடனும், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியமும் அறிவிக்கப்பட்டன. இப்போது என்ன நிலை, உங்களுக்குப் பொருந்துமா என்பதை மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் கேட்டுவிடுங்கள்.

டெமோவை உங்கள் துணியில் கேளுங்கள்

கடையில் தடித்த வெள்ளைத் துணியில்தான் தைத்துக் காட்டுவார்கள். அதில் எந்த மெஷினும் அழகாகத் தைக்கும். நீங்கள் ஒரு ஜாக்கெட் பிட்டையும், உங்கள் பென்டிரைவில் ஒரு டிசைனையும் கொண்டுபோய் "இதைத் தைத்துக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். சர்வீஸ் திருச்சியிலேயே நடக்குமா, மெஷினை வேறு ஊருக்கு அனுப்புவார்களா, அனுப்பினால் எத்தனை நாள் என்பதையும் அங்கேயே கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள். முகூர்த்த மாதத்தில் மெஷின் மூன்று வாரம் வெளியூரில் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அமெரிக்காவில் இருக்கும் உறவினர் மலிவாக வாங்கி வருகிறேன் என்றால் கவனம் தேவை. அங்குள்ள மெஷின் 120 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டது. நம் வீட்டு 230 வோல்ட் பிளக்கில் நேராகச் செருகினால் அதோடு அதன் கதை முடிந்தது. டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டலாம்தான். ஆனால் வாரண்டிக்கு இங்கே யாரிடம் போவீர்கள்?

வீட்டில் மெஷினின் பின்னாலும் இடப்பக்கமும் ஓர் அடி இடம் விடுங்கள். ரிங் நகரும்போது சுவரில் இடித்தால் டிசைன் நகர்ந்துவிடும். ஆடாத மேஜை வேண்டும். தஞ்சாவூர் ரோட்டை ஒட்டிய வீடு என்றால் லாரித் தூசிக்கு ஒரு மூடியும் வேண்டும்.

பென்டிரைவைப் படிக்கவில்லையா?

புதிதாக வாங்கியவர்கள் முதல் நாளே மாட்டிக்கொள்ளும் இடம் இது. மெஷின் பழுது என்று நினைத்துவிடுவார்கள். பெரும்பாலும் காரணம் கீழ்க்கண்டவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

ஃபைல் வகை பொருந்தவில்லை. ஜானோமிக்கு ஜெ.இ.எஃப்., பிரதருக்கு பி.இ.எஸ். இரண்டுக்கும் பொதுவாகப் பல மெஷின்கள் டி.எஸ்.டி. வகையையும் படிக்கும். இது டாஜிமா என்ற ஃபேக்டரி மெஷின் நிறுவனத்தின் வகை. டி.எஸ்.டி. ஃபைலில் 'இங்கே நூல் மாற்று' என்ற கட்டளை இருக்கும், எந்த நிறம் என்பது இருக்காது. அதனால் திரையில் மயில் சிவப்பாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். நீங்கள் என்ன நூல் மாட்டுகிறீர்களோ அந்த நிறம்தான் வரும்.

டிசைன் ரிங்கைவிட ஒரு மில்லிமீட்டர் பெரிதாக இருந்தாலும் பல மெஷின்கள் அதைத் திறக்காது. ஜிப் ஃபைலையும் மெஷின் பிரிக்காது, கம்ப்யூட்டரில் பிரித்துவிட்டுப் போடுங்கள். ஃபைல் பெயர் சிறியதாக, ஆங்கில எழுத்தும் எண்ணுமாக இருக்கட்டும். பென்டிரைவ் ஃபேட் 32 முறையில் ஃபார்மேட் செய்யப்பட்டிருக்க வேண்டும். 64 ஜிபி, 128 ஜிபி பென்டிரைவ்கள் வேறு முறையில் வரும். பழைய 8 ஜிபி ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள். டிசைன் ஃபைல்கள் மிகச் சிறியவை, ஆயுளுக்கும் போதும்.

மெஷின் திரையிலேயே டிசைனை இழுத்துப் பெரிதாக்கும் வசதி இருக்கும். பத்து, இருபது சதவீதத்துக்கு மேல் போகாதீர்கள். பல மெஷின்கள் தையல் எண்ணிக்கையை மாற்றாமல் இடைவெளியை மட்டும் நீட்டும். பெரிதாக்கினால் துணி தெரியும், சிறிதாக்கினால் நூல் குவிந்து ஊசி உடையும்.

அடியில் நூல் சிக்கினால் மேலே பாருங்கள்

துணிக்கு அடியில் குருவிக்கூடு மாதிரி நூல் சுருண்டால் எல்லோரும் பாபினைத்தான் சந்தேகிப்பார்கள். குற்றவாளி அநேகமாக மேல் நூல். பிரஷர் ஃபூட் இறங்கியிருக்கும்போது நூல் கோத்தால் அது டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே உட்காராது. பிடிமானம் இல்லாத நூல் முழுதும் கீழே இறங்கிவிடும். ஃபூட்டைத் தூக்கி, நூலை முழுதாக எடுத்துவிட்டு மறுபடி கோருங்கள். பாதி சர்வீஸ் செலவு இதில் மிச்சம்.

டென்ஷன் சரியா என்று பார்க்க, பட்டையான தையலைத் திருப்பிப் பாருங்கள். நடுவில் மூன்றில் ஒரு பங்கு பாபின் நூலும், இருபுறமும் மேல் நூலும் தெரிந்தால் சரி. பாபின் நூல் மேல்பக்கம் எட்டிப் பார்த்தால் மேல் டென்ஷன் அதிகம், அல்லது பாபின் கேஸில் பஞ்சு அடைத்திருக்கிறது. பிரஷால் பஞ்சை எடுங்கள், வாயால் ஊதாதீர்கள். பழைய கால் மெஷினின் இரும்பு பாபின் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும், பிளாஸ்டிக் பாபின் கேட்கும் மெஷினில் அதைப் போடக் கூடாது.

நூல் அடிக்கடி அறுந்தால் முதலில் ஊசியை மாற்றுங்கள். எட்டு மணி நேர ஓட்டத்துக்கு ஒரு ஊசி என்பது மோசமான கணக்கல்ல. சாதாரண எம்ப்ராய்டரி நூலுக்கு 11-ஆம் நம்பர். ஜரிகை நூலுக்கு 14-ஆம் நம்பர் போட்டு, வேகத்தைப் பாதியாகக் குறைத்து ஓட்டுங்கள். அவசரப்படுத்தினால் ஜரிகை அறுந்துகொண்டேதான் இருக்கும். ஜாக்கெட் தைக்கும் சாதாரண நூல் இந்த வேகத்தைத் தாங்காது.

துணி சுருங்குகிறதா? ரிங்கில் துணி மேளத்தோல் போல விறைப்பாக, ஆனால் இழுக்கப்படாமல் இருக்க வேண்டும். மாட்டிய பிறகு ஓரத்தைப் பிடித்து இழுத்தால், கழற்றியதும் துணி பழைய நிலைக்குத் திரும்பும், தையல் திரும்பாது. அடியில் கேன்வாஸ் கட்டாயம். டி-ஷர்ட் போன்ற இழுபடும் துணிக்கு வெட்டி எடுக்கும் வகை, பருத்திக்குக் கிழித்து எடுக்கும் வகை.

டிசைன் சரியான இடத்தில் விழ, உங்கள் பிரிண்டரைப் பயன்படுத்துங்கள். டிசைனை அதே அளவில் காகிதத்தில் அச்சிட்டு, துணிமேல் வைத்து நடுப்புள்ளியைக் குறித்துக்கொள்ளுங்கள். பிரிண்ட் பெட்டியில் 'ஃபிட் டு பேஜ்' குறி எடுக்கப்பட்டு, அளவு 100 சதவீதம் என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் அளவே மாறிவிடும்.

நடுவில் கரண்ட் போனால் ஒரே ஒரு விதி. ரிங்கிலிருந்து துணியை எடுக்காதீர்கள். பல மெஷின்கள் நின்ற இடத்தை நினைவில் வைத்திருக்கும். இல்லாவிட்டால் தையல் எண்ணை முன்னே நகர்த்தி, நின்ற இடத்துக்குப் பத்துத் தையல் முன்பிருந்து ஆரம்பிக்கலாம். வீட்டு மெஷின்கள் பொதுவாக 100 வாட்டுக்குள்தான் எடுக்கும். கம்ப்யூட்டரின் யுபிஎஸ்ஸில் இணைத்தால் ஓடும் கலரையாவது முடித்துவிடலாம்.

தமிழில் பெயர் தைக்க

மெஷினுக்குள் இருக்கும் எழுத்துகளில் தமிழைத் தேடினால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். வழி இருக்கிறது. இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை சாஃப்ட்வேரும், அதனுடன் சேரும் இங்க்/ஸ்டிட்ச் என்ற இலவச இணைப்பும் போதும். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும். யூனிகோடில் பெயரை டைப் செய்து, 'ஆப்ஜெக்ட் டு பாத்' கட்டளையால் எழுத்தை வடிவமாக்கி, தையல் வகையையும் இடைவெளியையும் கொடுத்து உங்கள் மெஷினின் ஃபைல் வகையில் சேமியுங்கள். இடைவெளி 0.4 மில்லிமீட்டரில் ஆரம்பிக்கலாம். விலை உயர்ந்த டிஜிட்டைசிங் சாஃப்ட்வேரின் கிராக் காப்பியைத் தேடி வைரஸை வீட்டுக்கு அழைத்து வர வேண்டாம்.

நம் எழுத்துகளில் சுழி அதிகம். ண, ணை, ஞ போன்றவை 10 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சுழியின் உள்வெளி அடைத்துக்கொண்டு வெறும் உருண்டையாகிவிடும். மெல்லிய கோடுகள் கொண்ட எழுத்துருவைத் தவிர்த்து, ஒரே தடிமனாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். மெய்யெழுத்தின் புள்ளி இன்னும் தொல்லை. அதைச் சுற்றி நிரப்பச் சொன்னால் ஒரே இடத்தில் ஊசி குத்திக் குத்தி ஓட்டை விழும். புள்ளியை மட்டும் தனியாக எடுத்து, ஒன்றரை மில்லிமீட்டர் அகலத்தில் நாலைந்து தையலாக மாற்றிவிடுங்கள். முதலில் பழைய துணியில் ஒருமுறை தைத்துப் பார்த்துவிட்டு, பிறகு பள்ளிப் பையில் கை வையுங்கள்.