டேபிள் இருக்கிறதா?

மரிக்குப்பத்திலிருந்து விடியற்காலையில் பெங்களூருக்குக் கிளம்பும் ரயில்களில் கோலார் தங்க வயல் பிள்ளைகள் தினமும் வேலைக்குப் போய் வருகிறார்கள். அவர்களில் கணினி நிரல் எழுதுகிறவர்கள் உண்டு. அப்படி ஒரு பெண் தன் ஊருக்காக ஓர் இணையச் செயலி செய்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டபின் திசைக்கொருவராகப் போன தொழிலாளர்களின் பெயர், இறங்கிய சுரங்கக் குழி (ஷாஃப்ட்), வேலைக்குச் சேர்ந்த ஆண்டு எல்லாம் ஓரிடத்தில் சேர வேண்டும். செய்தே ஆக வேண்டிய வேலைதான். அதற்குத் தரவுத்தளத்தில் 'தொழிலாளர்' என்று ஒரு டேபிள், அதாவது அட்டவணை, வேண்டும். புது சர்வரில் முதல் தடவை ஓடும்போது அந்த டேபிள் இருக்காது, மறுதடவை இருக்கும். நிரலுக்கு அது எப்படித் தெரியும்?

கோலார் தங்க வயலின் சேம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழமானது. சுரங்கம் ஓடிய நாட்களில், எந்த மட்டத்தில் எந்தக் குடைவு இருக்கிறது என்று அறிய ஒவ்வொரு முறையும் கீழே இறங்கிப் பார்க்க முடியவில்லை. மேலே அளவையாளர் வரைந்து வைத்த சுரங்க வரைபடத்தைத்தான் பார்த்தார்கள். தரவுத்தளமும் தன்னைப் பற்றி அப்படி ஒரு பதிவு வைத்திருக்கிறது. அதற்குக் கேட்டலாக் என்று பெயர். தொடர்புமுறைத் தரவுத்தளத்தின் கோட்பாட்டை 1970-இல் வெளியிட்ட ஐபிஎம் ஆய்வாளர் எட்கர் காட், பின்னாளில் வகுத்த விதிகளில் இதையும் சேர்த்தார்: கேட்டலாக்கும் டேபிள் வடிவிலேயே இருக்க வேண்டும், மற்ற டேபிள்களைக் கேட்கும் அதே மொழியில் அதையும் கேட்க முடிய வேண்டும். எனக்கு அவருடைய விதிகளில் மிக அழகானது இதுதான். டேபிள்களின் பட்டியலே ஒரு டேபிள்!

மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளங்கள் இரண்டிலும் இந்தக் கேட்டலாக்கைப் பார்க்கும் இடம் 'இன்ஃபர்மேஷன் ஸ்கீமா'. எஸ்க்யூலைட்டில் 'எஸ்க்யூலைட் மாஸ்டர்'. 'இந்தப் பெயரில் டேபிள் உண்டா?' என்று ஒரு வரி கேட்டால் போதும்.

கேட்பது சுலபம். 'இல்லை' என்ற பதிலை நம்புவதில்தான் கவனம் வேண்டும். டேபிள் இருந்தும், அதைத் தொட நிரல் நுழையும் தரவுத்தளப் பயனருக்கு அனுமதி இல்லாவிட்டால் இன்ஃபர்மேஷன் ஸ்கீமா அதைக் காட்டாது. விண்டோஸ் மடிக்கணினியில் மைஎஸ்க்யூஎல் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று பிரித்துப் பார்க்காது. லினக்ஸ் சர்வரில் வழக்கமாகப் பார்க்கும். வீட்டில் ஓடிய நிரல் சர்வரில் 'டேபிள் இல்லை' என்று நிற்பதற்கு இது ஒரு பழைய காரணம். வேர்ட்பிரஸ் தளத்தில் டேபிள்களின் முன்னொட்டைத் தவறாக எழுதிவிட்டால், ஆண்டுக்கணக்கில் எழுதியதெல்லாம் பத்திரமாக இருக்கும்போதே, புதிதாக நிறுவச் சொல்லும் பக்கம் வந்து நிற்கும். பார்த்தவருக்கு வயிறு கலங்கிவிடும். எல்லாவற்றிலும் மோசமானது, தரவுத்தளத்தோடு தொடர்பே கிடைக்காததை 'டேபிள் இல்லை' என்று நிரல் எடுத்துக்கொள்வது. இரண்டுக்கும் பிழை எண்கள் வேறு வேறு. இல்லாத டேபிளை நேராகத் தொடப் போனால் மைஎஸ்க்யூஎல் 1146 என்ற எண்ணைத் தரும். அந்த எண்ணைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

நேரத்திலும் ஒரு சிக்கல் உண்டு. சுரங்கம் ஓடிய காலத்தில் கோலாரில் பாறை வெடிப்பு எந்த நேரமும் வரும். அதனால் காலையில் பார்த்த வரைபடம் மதியம் பொய்யாகிவிடலாம். இணையச் செயலியிலும் ஒரே நொடியில் இரண்டு பேர் நுழையலாம். இருவருக்குமே 'இல்லை' என்று பதில் வரும். இருவருக்காகவும் நிரல் டேபிளை உருவாக்கப் போகும். ஒருவருக்குப் பிழை வந்து விழும். ஆகவே பார்ப்பதையும் படைப்பதையும் ஒரே கட்டளையாகத் தரவுத்தளத்திடமே ஒப்படைப்பது மேல். 'கிரியேட் டேபிள் இஃப் நாட் எக்ஸிஸ்ட்ஸ்' என்பது அதற்குத்தான். போஸ்ட்கிரெஸில் இதிலும் அபூர்வமாக ஒருவருக்குப் பிழை வரலாம். டேபிளுக்குச் சேதம் வராது.

ஆனால் இந்தக் கட்டளை பெயரை மட்டுமே பார்க்கும். நம் பெண் ஆறு மாதம் கழித்து 'முகவரி' என்ற பத்தியைப் புதிதாகச் சேர்த்து எழுதினாலும், பழைய டேபிள் இருப்பதால் கட்டளை சும்மா கடந்துபோகும். பத்தி சேராது. ஜாங்கோ, ரெயில்ஸ் போன்ற கட்டமைப்புகள் இதற்காகவே மைக்ரேஷன் என்ற முறையை வைத்திருக்கின்றன. எந்தெந்த மாற்றம் செய்தாயிற்று என்று தரவுத்தளத்திலேயே தனியாக ஒரு டேபிளில் குறித்துவைத்து, விட்டுப்போனதை மட்டும் வரிசையாகச் செய்யும். அதை ஓட்ட வேண்டியது புதிய நிரலைச் சர்வரில் ஏற்றும் வேளையில், ஒருமுறை. ஒவ்வொருவர் பக்கத்தைத் திறக்கும்போதும் டேபிள் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை. பக்கங்களைக் காட்டும் நிரலின் தரவுத்தளப் பயனருக்கு டேபிளை உருவாக்கும், அழிக்கும் அனுமதியும் வேண்டாம். யாராவது நிரலில் ஓட்டை கண்டு உள்ளே புகுந்தாலும், அந்தப் பயனரின் பெயரில் ஒரு டேபிளைக்கூட உருவாக்கவோ அழிக்கவோ முடியாது.