ஐந்தடி நிலம்

2025-ம் வருஷம் செப்டம்பர் மாதம், அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்துப் பாஸடீனா நகரில் ஒரு பொது விசாரணை நடைபெற்றது. விசாரணைக்கு வந்த விஷயம், வீட்டுச் சுவரையொட்டிய ஐந்தடி நிலம். அந்த ஐந்தடிக்குள் தீப்பொறி பற்றக்கூடிய பொருள் எதுவும் இருத்தலாகாது என்று விதி செய்யும்படி 2020-லேயே அம்மாகாணச் சட்டசபை கட்டளையிட்டிருந்தது. விதியை வகுக்க வேண்டிய வனப் போர்டார் 2023 பிறப்பதற்குள் வேலையை முடித்திருக்க வேண்டும். முடிக்கவில்லை. 2025 ஜனவரி 7-ந் தேதி லாஸ் ஏஞ்சலீஸ் பிரதேசத்தில் மூண்ட இரண்டு பெருந்தீ, 16,000-க்கு மேற்பட்ட கட்டிடங்களையும் சுமார் 30 உயிர்களையும் கொண்டுபோன பிறகே கவர்னர் அவர்களுக்குக் கெடு வைத்தார். அத்தீயில் பெரும்பகுதி அழிந்த ஆல்டடீனா, பாஸடீனாவுக்கு அடுத்த ஊர். அப்படியிருந்தும், வீட்டுச் சொந்தக்காரர்கள் பலர் அங்கே வந்து விதியை ஆக்ஷேபித்தார்கள் என்பதே நமது கவனத்தை ஈர்த்தது.

இவர்களை அறிவிலிகள் என்று தள்ளிவிடுவது சுலபம். நாம் அப்படிச் செய்யப் போவதில்லை. ஒரு முழ நிலத்துக்காக இரண்டு தலைமுறை கோர்ட்டுப் படி ஏறிய கட்சிக்காரர்களை நாம் பார்த்ததுண்டு. ஐந்தடி என்பது சிறிய விஷயமன்று. நிழல் மரத்தை வெட்டினால் வெயிலுக்கு என்ன செய்வது என்கிறார்கள். நீர் பாய்ச்சி வளர்த்த பச்சைச் செடி பொறியைத் தடுக்குமேயன்றி வளர்க்காது என்கிறார்கள். வேலியைப் பிடுங்கி வேறு வேலி போடப் பணம் யார் தருவது என்றும் கேட்கிறார்கள். இவற்றுக்கெல்லாம் மேலாக, 'என் மனைக்குள் நுழைந்து உத்தரவிட நீ யார்?' என்ற கேள்வி ஒன்று இருக்கிறது.

வீடு எப்படி எரிகிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இக்கேள்விக்கு விடை கூற முடியாது. காட்டிலிருந்து அக்கினி அலை போல வந்து வீட்டை விழுங்குகிறதென்றே பலரும் நினைக்கிறார்கள். அமெரிக்க வன இலாகாவில் ஆராய்ச்சி செய்த ஜாக் கோஹன் என்பவர் இந்த எண்ணத்தைப் பரிசோதித்து மறுத்தார். நூறடிக்கப்பால் எரியும் மரங்களின் வெப்பம் மட்டும் ஒரு மரச்சுவரைப் பற்றவைக்கப் போதாது என்று அவர் காட்டினார். பெரும்பாலான வீடுகளைக் கெடுப்பது காற்றில் ஒரு மைலும் அதற்கு மேலும் பறந்து வரும் பொறியே. அது கூரையோரத் தகரத்தில் தேங்கிய சருகிலும், சுவரடியில் பரப்பிய மரச்சிராயிலும், வீட்டோடு சேர்த்து அடித்த மரவேலியிலும் விழுந்து கனிகிறது. இறவாரத்துத் துவாரங்களின் வழியே உள்ளேயும் புகுகிறது. 2018 நவம்பர் 8-ந் தேதி பாரடைஸ் என்னும் ஊர் எரிந்து 85 பேர் மாண்டபோது, சாம்பலான வீடுகளுக்குப் பக்கத்திலேயே மரங்கள் பச்சையாக நின்றன. ஆகையால், உயர்ந்த மரத்துக்காகப் பரிந்து பேசுவோர் கட்சியில் ஓரளவு உண்மை உண்டு. சுவரோடு உராயும் புதருக்கு அந்த வாதத்தை நீட்டுவதுதான் பிசகு.

இனி உரிமைக் கேள்விக்கு வருவோம். வீட்டைச் சுற்றி நூறடி வரை காய்ந்த புதரைக் களைய வேண்டுமென்ற சட்டம் அங்கே முன்னமேயே உண்டு. ஆனால் அந்தக் கடமை அவரவர் மனை எல்லையோடு நின்றுவிடுகிறது. சட்டம் எல்லைக் கல்லைக் கண்டு நிற்கும், நெருப்பு நிற்காது. நெருங்கிய வீடுகளுள்ள தெருவில் ஒரு வீடு பற்றினால் அதுவே அடுத்த வீட்டுக்கு விறகு. தன் சொத்தைப் பிறர் சொத்துக்குக் கேடு நேராதபடியே ஒருவன் அனுபவிக்கலாம் என்பது ஆங்கிலச் சட்டத்தின் பழைய கொள்கை. பாத்தியதையைச் சொல்லி வாதாடுவோர் அந்தப் பாத்தியதையோடு பிறந்த இந்தக் கட்டுப்பாட்டை மட்டும் மறப்பது நியாயமாகாது.

ஆயினும் குற்றம் முழுவதையும் குடியானவன் தலையில் சுமத்தப் பார்ப்பவர்களையும் நாம் அறிவோம். பாரடைஸ் தீயை மூட்டியது யாருடைய பூச்செடியுமல்ல. சுமார் நூறு வருஷப் பழமையான மின்சாரக் கம்பி வழியில் தேய்ந்து அறுந்த ஒரு கொக்கி. அதன் சொந்தக்காரரான பசிபிக் காஸ் அண்ட் எலெக்ட்ரிக் கம்பெனி, 84 பேரின் மரணத்துக்குக் காரணமான குற்றத்தை 2020-ல் கோர்ட்டில் ஒப்புக்கொண்டது. இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் நடத்தையோ வேறு வகை. வீட்டைத் தீக்குத் தயார் செய்தவர்களுக்குக் கட்டணச் சலுகை தர வேண்டுமென்று 2022-ல் விதி வந்தது. அவர்களுக்கு இன்ஷூரன்ஸ் கொடுத்தே தீரவேண்டுமென்று அவ்விதி சொல்லவில்லை. மறு வருஷமே ஸ்டேட் பார்ம் கம்பெனி அம்மாகாணத்தில் புதிய வீடுகளை ஏற்பதை நிறுத்திக்கொண்டது. புதரை வெட்டியவனுக்கும் வெட்டாதவனுக்கும் ஒரே பதில் கிடைக்குமானால் எவன் அரிவாளை எடுப்பான்?

பாரடைஸிலே, 2008-ல் வந்த கடுமையான கட்டிட விதிகளுக்குப் பிறகு கட்டிய வீடுகளில் ஏறக்குறையப் பாதி சேதமின்றித் தப்பின. முன் கட்டியவற்றில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தப்பவில்லை. விதியால் பயனில்லை என்பவர்களுக்கு இந்தக் கணக்கே பதில். ஆனால் புது வீடு கட்டப் பணமுள்ளவனுக்கு அந்த விதி பாரமாக இருந்திராது. பாரடைஸ் ஜனங்களில் பலர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற முதியோர்; ஏணி ஏறிச் சருகு தள்ளவே துணை வேண்டியவர்கள். இத்தகையவர்களுக்கு அபராதச் சீட்டை நீட்டுமுன் சர்க்கார் ஓர் ஆளை அனுப்பித் தகரத்தைத் துப்புரவு செய்து கொடுக்கட்டும். வேலி மாற்றும் செலவில் பங்கு ஏற்கட்டும். வசதி படைத்தவர் விஷயத்தில் நமக்கு இந்தத் தயக்கமில்லை. அவர் தம் மரவேலியைத் தாமே பிடுங்கலாம். சுவரிலிருந்து முதல் ஐந்தடியைப் பிடுங்கினால் போதும். மீதி வேலி இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.