களப்பணிப் பயிற்சியும் மக்கள் மொழியும்

சமூகப்பணிக் கல்வியில் வகுப்பறைப் பாடத்தோடு ஒப்ப மதிக்கப்பெறுவது களப்பணிப் பயிற்சியாகும். வளர்ந்துவரும் நாடுகளில் இப்பயிற்சியை மேற்கொள்ளும் மாணவர் எய்தும் இடர்ப்பாடுகள் பல. அவற்றுள் மொழி பற்றியதொன்றை மட்டும் தமிழகத்தை நிலைக்களனாகக் கொண்டு இக்கட்டுரை விளக்க முற்படுகின்றது.

இக்கல்விமுறை மேலைநாட்டினின்றும் நமக்கு வந்தது. அமெரிக்கரான மேரி ரிச்மண்டு அம்மையார் 1917-இல் வெளியிட்ட 'சோசியல் டயக்னோசிஸ்' என்னும் நூல் தனியாள் பணிமுறைக்கு அடிகோலிற்று. 1936-இல் பம்பாயில் டாட்டா அறநிலையத்தார் நிறுவிய பள்ளியின் முதல் இயக்குநர் கிளிஃபோர்டு மான்ஷார்டும் அமெரிக்கரே. 1952-இல் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையாரின் முயற்சியால் சென்னையிலும் இத்தகைய பள்ளி தோன்றிற்று. நூல்களும் கலைச்சொற்களும் ஆங்கிலத்தில் அமைந்தமையின், தமிழிற் கேட்பதை ஆங்கிலத்தில் எழுதும் வழக்கம் மாணவரிடையே வேரூன்றிற்று.

இதனால் விளையும் இழப்பு யாது? கணவனை இழந்த ஒருத்தி, "பிள்ளைகளுக்கு மாமன் இருக்கிறான்" என்று கூறுவதாகக் கொள்வோம். மாணவர் அதனை 'அங்கிள்' என்று குறித்துக்கொள்கின்றார். தாய்மாமன், சிற்றப்பன், பெரியப்பன் என்னும் மூவரையும் அச்சொல் ஒருவராக்கிவிடுகின்றது. காதணி விழா முதல் திருமணம் வரை சீர் செய்யும் கடப்பாடு தாய்மாமனுக்குரியது; குடும்பச் சொத்தில் பங்காளிகளாவார் தந்தையின் உடன்பிறந்தாரே. எவரிடம் துணை நாடுவது, எவரிடம் பிள்ளைகளின் உரிமையைக் கேட்பது என்னும் முடிவு இவ்வேறுபாட்டைப் பொறுத்தது. குறிப்பேட்டை மட்டும் படித்து நெறிப்படுத்தும் ஆசிரியர் இதனை அறிய வழியில்லை. ஒரு சொல்லின் பிழை ஒரு குடும்பத்தின் வாழ்வைத் தாக்குதல் காண்க.

மனத்துயரை "நெஞ்சை அடைக்கிறது" என உடல்நோய் போல உரைப்பதும் நம் மக்கள் வழக்கு. அதனை நெஞ்சுநோய் என எழுதுதல் பிழையாகலாம். மனச்சோர்வு நோய் எனப் பெயரிடுதலோ ஆராயாது துணிதலாகும்.

கலைச்சொற் குறைவால் தமிழில் எழுதுதல் அரிது என்பாருளர். ஆய்வுரை எம்மொழியில் அமையினும், துன்புற்றார் கூற்றை அவர் சொன்னவாறே தமிழிற் பொறித்தற்குத் தடையொன்றுமில்லை. அதன் பின்னரே விளக்கம் எழுதுதல் முறையாகும். வட்டார வழக்கையும் உறவுமுறைச் சொற்களையும் ஆராயும் தமிழ்த்துறையினர், களம் புகும் மாணவர்க்கு உதவும் சொற்றொகுதி ஒன்றை ஆக்கித்தருவாராயின், அஃது இலக்கணப் பணியாதலோடு சமூகப் பணியுமாகும்.