சில்லின்மேல் வீடும் சட்டத்தின்படி ஊரும்

ஐக்கிய அமெரிக்காவில் இளைப்பாறியோர் சிலர், தாம் வாழ்ந்த வீட்டை விற்று, படுக்கையும் அடுப்பும் குளியலறையும் அமைந்த பெரிய மோட்டார் வண்டியொன்றை வாங்கி, அதனையே வீடாகக் கொண்டு ஆண்டு முழுவதும் நாடு சுற்றி வாழ்கின்றனர். கோடையில் வடக்கே மொன்றானா மலைப்புறமும் மாரியில் தெற்கே அரிசோனாப் பாலையும் அவர்க்கு ஊராகும். வீடு நகரலாம்; சட்டமோ அவரை ஓரிடத்தில் நிறுத்தியே பார்க்கும். சாரதி அனுமதிப் பத்திரம், வண்டிப் பதிவு, காப்புறுதி, வாக்குரிமை, வரி, மரணசாசனம் ஆகிய யாவும் ஏதேனும் ஒரு மாநிலத்தைச் சார்ந்தே நிற்பன. அவ்வொன்றைத் தெரிவு செய்வது எங்ஙனம் என்பதை ஈண்டு நோக்குவோம்.

ஒருவர் பல இடங்களில் வசிக்கலாம். ஆயின் சட்டத்தின் கண்ணில் அவர்க்கு நிலையான வதிவிடம் ஒன்றே. புதியதொன்றைப் பெறும்வரை பழையது அவரை விட்டு நீங்குவதில்லை. புதியதைப் பெறுதற்கு அங்கே நேரிற் சென்றிருத்தலும், இனி இதுவே தம் இடம் என்னுங் கருத்தும் ஒருங்கே வேண்டும். தேசவழமை வழக்குகளில் 'யாழ்ப்பாண வாசி யார்' என்னும் வினா எத்துணைச் சிக்கலானது என்பதை எம் பழைய மாணவருள் வழக்கறிஞராயுள்ளோர் நன்கறிவர்.

எட்வேட் கிறீன் என்னும் பெருஞ் செல்வர் தம்மை ரெக்சாஸ் வாசி என்றே பலகாலுங் கூறி வந்தார். அவர்க்கு மசச்சூசெற்சில் மாளிகையும் புளோரிடாவில் மாரிகால வீடும் இருந்தன. 1936 இல் அவர் இறந்தபொழுது, இம்மூன்று மாநிலங்களோடு நியூயோக்கும் சேர்ந்து நான்கும் மரணவரி கேட்டன. மத்திய அரசின் வரியையுஞ் சேர்த்தால், கேட்ட தொகை அவர் விட்டுச்சென்ற சொத்திலும் மிகுந்தது. 1939 இல் உயர் நீதிமன்றம் மசச்சூசெற்சே அவரது வதிவிடம் எனத் தீர்த்தது. அவர் வாயாற் சொன்ன ஊரினும் வாழ்ந்த ஊரே வலிதாயிற்று.

இன்று வண்டிவாழ்நர் பெரிதும் நாடுவன தென் டக்கோற்றா, ரெக்சாஸ், புளோரிடா என்னும் மூன்றுமே. இம்மூன்றிலும் மாநில வருமான வரி இல்லை, மரணவரியும் இல்லை. வருமான வரி கொள்ளாத மாநிலங்கள் வேறுமுள. ஆயினும், கடிதங்களைப் பெற்று அனுப்பும் நிலையங்களின் முகவரியைக் கொண்டு வாழ்வை நடத்தும் வழக்கம் இம்மூன்றிலேயே வேரூன்றியுள்ளது. தென் டக்கோற்றாவில் ஓர் இரவு தங்கியதற்கான பற்றுச்சீட்டும் சத்தியக் கடதாசியும் காட்டி, ஐந்தாண்டுக்குச் சாரதி அனுமதிப் பத்திரம் பெறலாம். வண்டி வாங்கும்பொழுது அங்கே வரி நூற்றுக்கு 4, ரெக்சாசில் 6.25, புளோரிடாவில் 6, அதன்மேல் உள்ளூர் வரியும் உண்டு. வண்டியின் விலை இலட்சம் டொலரைத் தாண்டுமாயின் இவ்வேறுபாடு சிறிதன்று.

இளைப்பாற்றுச் சம்பளம் பெறுவோர்க்கு ஆறுதலான செய்தியொன்றுண்டு. முன்னர்க் கலிபோர்ணியா போன்ற மாநிலங்கள், தம்மிடம் உழைத்துவிட்டு வேறிடஞ் சென்றோரின் இளைப்பாற்றுச் சம்பளத்துக்கும் வரி கேட்டன. 1996 இல் வந்த மத்திய சட்டம் அதனைத் தடுத்துவிட்டது. எனினும் பழைய மாநிலத்தில் வீட்டையும் வைத்தியரையும் வாக்கையும் வைத்துக்கொண்டு, புதியதில் முகவரி மட்டும் வாங்கியவர், பழைய மாநிலம் வரி கேட்குமாயின் வியத்தற்கில்லை.

வரியையே பலர் முதலில் எண்ணுகின்றனர். எமக்கோ நோயே முதலில் எண்ணத்தக்கதாகத் தோன்றுகிறது. அறுபத்தைந்து வயதில் மெடிக்கெயர் என்னும் அரசாங்கக் காப்புறுதி கிடைக்கும். அதன் மூலவடிவத்தை, அதனை ஏற்கும் எந்த வைத்தியரிடமும் நாடெங்கும் பயன்படுத்தலாம். தனியார் கம்பனிகள் நடத்தும் மாற்றுவடிவமோ பெரும்பாலும் குறித்த பிரதேசத்து வைத்தியரோடு கட்டுண்டது. அறுபத்தைந்துக்கு முன் இளைப்பாறியோர் நிலை இன்னுங் கடினம். அவர்கள் தாமே வாங்கும் காப்புறுதி, கவுன்ரி என்னும் உட்பிரிவுதோறும் வேறுபடும். அவற்றுட் பல, மாநிலத்துக்கு வெளியே அவசர சிகிச்சைக்கு மட்டுமே பணங் கொடுக்கும். தென் டக்கோற்றாவிற் பதிந்தவர் அரிசோனாவில் நீரிழிவுக்கு மாதந்தோறும் வைத்தியரைக் காண வேண்டின் என்செய்வது? வரியில் மிச்சம்பிடித்த பணம் ஓராண்டு வைத்தியச் செலவிற் கரைந்துவிடும். ஆதலின் காப்புறுதியை விசாரித்தபின் மாநிலத்தைத் தெரிவதே முறை.

வாக்குரிமையும் உறுதியான பொருளன்று. வண்டிவாழ்நருக்கென 1978 இல் தொடங்கிய எஸ்கேப்பீஸ் சங்கம் ரெக்சாசின் லிவிங்ஸ்ரன் நகரில் நிலைகொண்டது. அங்கே அவ்வாறு பதிந்திருந்த ஆயிரக்கணக்கானோரின் வாக்குரிமை 2000 ஆம் ஆண்டளவில் வழக்குக்குள்ளாகித் தப்பியது. தென் டக்கோற்றாவோ 2023 இல், வாக்காளராகப் பதிவதற்கு முன் முப்பது நாள் அங்கு வதிந்திருத்தல் வேண்டுமெனச் சட்டஞ் செய்தது. ஓரிரவுப் பற்றுச்சீட்டு வண்டி ஓட்ட உதவும், வாக்களிக்க உதவாது.

தம்பதிகள் நோக்கவேண்டியது இன்னுமொன்றுளது. ஸ்பானிய ஆட்சியின் வழிவந்த ரெக்சாஸ் சட்டத்தின்படி, அங்கு வதியுங் காலத்தில் கணவன் மனைவியர் தேடும் பொருள் பொதுவாக இருவர்க்கும் உரியது. எங்கள் தேசவழமையின் தேடியதேட்டத்தை இஃது ஒருபுடை ஒக்கும். மற்றை இரண்டு மாநிலங்களிலும் பொதுவிதி அவ்வாறன்று. ஆகவே பழைய மாநிலத்தில் எழுதிய மரணசாசனத்தைப் புதிய மாநிலத்து வழக்கறிஞர் ஒருவரிடங் காட்டியபின்னரே பிரயாணத்தைத் தொடங்குதல் நன்று.