கணிப்பானும் கடலூர்க்காரரும்

தொலைதூரத் துப்பாக்கி சுடுவோர் கையில் ஒரு சிறு கணிப்பான் இருக்கும். தோட்டா எவ்வளவு தாழும் என்று அது சொல்லும். வேகமோ காற்றுத் தடையோ தவறாகப் பதிவானால் குறி தப்பும். அதனால் சுட்டுப் பார்த்து, உண்மைத் தாழ்வோடு விடை ஒத்துவரும்வரை எண்களைத் திருத்துவார்கள். சிகாமட்டின் மதிய வெயிலில் காற்று இலேசாகும். வெப்பநிலையையும் சேர்த்தே பதிய வேண்டும்.

இதற்கு வழிகாட்டியவர் ஆங்கிலேயர் பெஞ்சமின் ராபின்ஸ். கனமான ஊசல்மீது குண்டைச் சுட்டு, அது ஆடிய அளவிலிருந்து வேகத்தைக் கண்டார். படிவம் 4 மாணவர்களே, உங்கள் உந்தப் பாடம்தான்! வினாடிக்கு ஏறத்தாழ 520 மீட்டர். காற்றே இல்லையென்றால், 45 பாகையில் சுட்ட குண்டு 27 கிலோமீட்டர் போகும். நிஜத்தில் ஒரு கிலோமீட்டருக்குள்ளேயே விழுந்தது. 1742இல் இதை நூலாக்கினார்.

பின்னர் கோட்டைகளைச் சீரமைக்கத் தமிழகம் வந்த ராபின்ஸ், 1751இல் கடலூரில் காய்ச்சலால் இறந்தார்.