பழைய பெட்டி, புதிய நினைவகம்

மாணவர்களே, உங்கள் வீட்டு ஸ்டோர் அறையில் தூசி படிந்த பழைய கணினிப் பெட்டி ஏதேனும் கிடக்கிறதா? குப்பையில் போடுமுன் இதைப் படியுங்கள்.

1986ஆம் ஆண்டு ஆப்பிள் நிறுவனம் மெக்கின்டோஷ் பிளஸ் என்ற கணினியை வெளியிட்டது. அதே ஆண்டில் ‘ஹார்ட் டிஸ்க் 20எஸ்சி’ என்ற வன்தட்டுப் பெட்டியும் வந்தது. கணினியை அதன் மேலேயே வைத்துக்கொள்ளலாம். அதன் கொள்ளளவு 20 மெகாபைட். உங்கள் கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு படம் 4 மெகாபைட் என்றால், அவ்வளவு பெரிய பெட்டிக்குள் 5 படங்கள்தாம் அடங்கும்!

வன்தட்டு ஏன் பழுதாகிறது?

வன்தட்டினுள் காந்தப் பூச்சுள்ள தட்டுகள் நிமிடத்திற்கு ஆயிரக்கணக்கான முறை சுழலும். தலைமுடியின் தடிமனைவிடக் குறைந்த இடைவெளியில் படிக்கும் முனை அவற்றின்மேல் மிதக்கும். பல ஆண்டுகள் சும்மா கிடந்தால் மசகெண்ணெய் கெட்டிப்படும். முனை தட்டோடு ஒட்டிக்கொள்ளும். பெட்டியும் கம்பிகளும் நன்றாக இருந்தாலும் தட்டு சுழலாது.

ஏமாறும் கணினி

இப்போது ஆர்வலர்கள் அந்த வன்தட்டைக் கழற்றிவிட்டு, ‘புளூஸ்கஸி’ போன்ற சிறிய மின்சுற்றுப் பலகையைப் பொருத்துகிறார்கள். அதில் விரல் நகம் அளவு நினைவட்டை ஒன்றைச் செருகினால் போதும். 32 கிகாபைட் அட்டை ஒன்று, பழைய பெட்டிகள் 1,600க்குச் சமம்!

பழைய கணினி இதை எப்படி ஏற்றுக்கொள்கிறது? நூலக முகப்பில் நூலின் எண்ணைச் சொல்கிறீர்கள். நூலகர் எடுத்துத் தருகிறார். நூல் எந்த அலமாரியில் இருந்தது என்று நீங்கள் கேட்பதில்லை. ‘ஸ்கஸி’ என்ற இணைப்பு முறையும் அப்படித்தான். “500ஆம் கட்டத்தைக் கொடு” என்று கணினி கேட்கும். ஒரு கட்டம் என்பது 512 பைட். சுழலும் தட்டு கொடுத்தாலும் நினைவட்டை கொடுத்தாலும் கணினிக்கு வேறுபாடு தெரியாது.

அதற்கு முந்தைய எஸ்டி-506 வகை வன்தட்டுகளில், முனையை எத்தனை படி நகர்த்துவது என்பதைக்கூடக் கணினிப் பக்கமிருந்தே கட்டளையிட வேண்டியிருந்தது. அதனால் அவற்றுக்கு மாற்றுப் பலகை செய்வது கடினம்.

ஸ்கஸி கம்பியின் இரு முனைகளிலும் மின்தடைகள் கொண்ட முடிப்பான் இருக்க வேண்டும். சுவரில் கட்டிய கயிற்றை உதறினால் அலை திரும்பி வருகிறதல்லவா? முடிப்பான் இல்லாவிட்டால் மின்குறிப்பும் அப்படியே எதிரொலித்துத் தரவைக் குழப்பிவிடும்.

நான் செய்த தவறு

ஒருமுறை நண்பர் ஒருவர், தம் தந்தை தட்டச்சு செய்த குடும்ப வரலாறு இருந்த பழைய வன்தட்டை என்னிடம் கொண்டு வந்தார். முதல் முறை அது சுழன்றது. மகிழ்ச்சியில் அணைத்து, மீண்டும் இயக்கி, மற்றவர்களுக்கும் காட்டினேன். நான்காம் முறை அது அசையவே இல்லை. முதல் முறை ஓடியபோதே நகலெடுத்திருக்க வேண்டும். “பரவாயில்லை சார்” என்றார் நண்பர். எனக்குத்தான் இன்றும் மனம் ஆறவில்லை.

ஆகவே, பழைய வன்தட்டு ஓடினால் முதல் வேலை நகலெடுப்பது. பெட்டியை அழகுபடுத்துவது பிறகு.

கவனம்!

இத்தகைய பெட்டிக்குள் இருக்கும் மின்வழங்கி, சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை 5 வோல்ட்டாகவும் 12 வோல்ட்டாகவும் மாற்றித் தருகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கலாம். மின்வழங்கியை நீங்கள் திறக்கவே கூடாது. அது தெரிந்த பெரியவர் செய்ய வேண்டிய வேலை.

இந்த வாரம் தாத்தாவிடமோ மாமாவிடமோ கேட்டுப் பாருங்கள்: “உங்கள் பழைய கணினியில் என்ன சேமித்து வைத்தீர்கள்?” ஒருவேளை உங்கள் குடும்பத்தின் கதை அந்தப் பெட்டிக்குள் காத்திருக்கலாம்.